கோப்பையில் கரண்டி

பழநி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாலசமுத்திரம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் போதும், எனக்குப் பத்து வயது ஆகிவிடும். பின்னால் முருகன் மலை சிறுத்துக்கொண்டே போக, எதிரே கொடைக்கானல் மலை பெருத்துக்கொண்டே வரும். வழியெல்லாம் தென்னையும் மாமரமும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாலாறு - பொருந்தலாறு அணை. சின்ன வயதில் முழுப் பரீட்சை லீவு முழுக்க அந்த ஊர் அத்தை வீட்டில்தான் கழியும்.

சென்ற ஆடியில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பழைய சினிமா நடிகை மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “வா சாமி... குரல்தான் தெரியுது, மூஞ்சி தெரியல. அதுவும் நல்லதாப் போச்சு” என்று சிரித்தார். மாமாதான் காபி போட்டு எடுத்துவந்தார். 68 வயது. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் பேர் சொல்லும் கபடி ஆட்டக்காரர். வலது முழங்கால் சரியாக மடங்காது. அடுப்படிக்கும் ஆசாரத்துக்குமாக அவர் நடப்பதில் ஒரு தாளம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே மாமா வருகிறார் என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் மச்சானின் மகளும் இருந்தாள். கோவையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம். 800 மீட்டர் ஓட்டக்காரி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த சீட். “தாத்தனோட கால் அது” என்று ஊரே சொல்லும்.

“என்னம்மா, காலேஜ் இல்லையா?”

“லீவு மாமா.”

ஆடி மாத நடுவில் எந்தக் கல்லூரியில் லீவு விடுகிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முன்பெல்லாம் நான் போனால், வாசலிலேயே பையைப் பிடுங்கி என்ன வாங்கி வந்திருக்கிறேன் என்று பார்ப்பவள் அவள். அன்று திண்ணையிலேயே இருந்தாள். மடியில் தலையணை அளவுக்கு ஒரு ஆங்கில நாவல்.

ராத்திரி ஆடிக்காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. தூக்கம் வரவில்லை. எமர்ஜென்ஸி விளக்கு வெளிச்சத்தில், திண்ணையில் கிடந்த அந்த நாவலை எடுத்துப் புரட்டினேன். ‘ஐஸ்பிரேக்கர்’. எழுதியவர் ஹன்னா கிரேஸ் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. 2022ல் தானே சொந்தமாக வெளியிட்டு, பிள்ளைகள் மத்தியில் வாய்வழியாகப் பரவி, அப்புறம் பெரிய பதிப்பகத்துக்குப் போன புத்தகம். அட்டையில் கார்ட்டூன் பாணியில் ஒரு பையனும் பெண்ணும். அவள் பனிச்சறுக்கு நடனக்காரி. அவன் ஐஸ் ஹாக்கி கேப்டன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒரே பனித்தளத்தை இரண்டு கூட்டமும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை. முதலில் சண்டை. அப்புறம் என்ன ஆகும் என்று தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாதிரிக் கதைகளுக்கு ‘ஸ்போர்ட்ஸ் ரொமான்ஸ்’ என்று பெயராம். தனி அலமாரியே இருக்கிறது. என் காலேஜ் நாளில் எரிக் சீகலின் ‘லவ் ஸ்டோரி’யைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். 1970ல் வந்த கதை. அதிலும் ஹீரோ ஹார்வர்டில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவன்தான். ஆனால், அங்கே ஹாக்கி என்பது அவன் போட்டிருக்கும் கோட் மாதிரி ஓர் அலங்காரம். தோற்றால் கோபப்படுவான், காயம்பட்டால் காதலி பதறுவாள். அதோடு சரி.

இது அப்படி இல்லை. நாவலாகப் பார்த்தால் பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். நீளம் அதிகம். மச்சான் மகள் படிக்கிற புத்தகம் என்ற கூச்சத்தில் நான் தாண்டிப்போன அத்தியாயங்களும் உண்டு. ஆனால், ஒரு விஷயம் பிடித்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறார். சிறுவயதிலிருந்தே அவரிடம் போகிறாள். காதல் வந்ததும் அந்த ஆலோசகருக்கு வேலை போய்விடுவதில்லை. அவள் ஒவ்வொரு மணி நேரத்தையும் டைரியில் எழுதித் திட்டம் போட்டு வாழ்கிறவள். கூட ஆடுகிற ஜோடிக்காரன், அவள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். இந்தப் பெண் ஓடியாடுகிற அளவுக்குச் சாப்பிடவே இல்லையே என்பதை முதலில் கவனிக்கிறவன் அந்த ஹாக்கிப் பையன்தான். காதல் அங்கேதான் எனக்குக் காதலாகத் தெரிந்தது.

பாதி படித்த பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பக்கங்களில் பென்சில் கோடுகள். காதல் வசனங்களுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் பயப்படுகிற இடங்களில், சாப்பாட்டைத் தள்ளிவைக்கிற இடங்களில், ஆலோசகரிடம் பேசுகிற இடங்களில் மட்டும் கோடு. ஓர் இடத்தில் பென்சில் முனை அழுந்தித் தாள் கிழிந்திருந்தது.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். லீவு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நம் பக்கத்திலும் இந்தக் கதைகள் இல்லாமல் இல்லை. 2004ல் வந்த ‘கில்லி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வேலு கபடி வீரன். இறுதிப் போட்டியில் மனசு முழுக்க அந்தப் பெண்ணின் பிரிவு. உடம்பு களத்தில் இருக்கிறது, ஆள் அங்கே இல்லை. அவள் வந்து நின்றதும் எழுந்து விளாசுகிறான். தியேட்டரில் விசில் அடித்தோம். மனசு சரியில்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்று கமர்ஷியல் படம் ஒன்று அவ்வளவு தெளிவாகச் சொன்னது. ஆனால், மருந்தும் அதே நிமிடத்தில் வந்துவிடுகிறது. த்ரிஷா வந்தால் சரியாகிவிடும். வராத வேலுக்கள் என்ன ஆனார்கள்?

2009ல் வந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’ இன்னும் நெருக்கம். பாலசமுத்திரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், பழநிக்குக் கிழக்கே இருக்கிற கணக்கன்பட்டிதான் கதை நடக்கும் ஊர். இயக்குநர் சுசீந்திரனும் இந்தப் பக்கத்துக்காரர். அதில் சூரி பரோட்டா தின்கிற காட்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது கடைசிக் காட்சி. பேர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் காதலித்த பெண், அடுத்த வருடத் திருவிழாவுக்கு அவனைத் தேடி வருவாள். அவன் களத்திலேயே செத்துப்போனது அவளுக்குத் தெரியாது. படத்தைப் பழநியில் மாமாவோடு சேர்ந்து பார்த்தேன். இடைவேளை வரை விழுந்து விழுந்து சிரித்தவர், முடிந்து வெளியே வந்ததும் சொன்னார்: “செத்துட்டான்ல... அது லேசு மாப்ளே.”

அப்போது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா கதையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். 1980 வாக்கில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கபடி ஆட வந்தது பாலசமுத்திரத்துக் குழு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மாமா பாடிப் போனால், எதிர் அணியில் ஏழு பேரும் பின்னால் நகர்வார்களாம். அத்தை அந்த ஆட்டத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். “சடுகுடு ஆடுறவனுக்கா பொண்ணு குடுக்கிறது?” என்று தாத்தா துள்ளினார். விளையாட்டை வைத்து ஒரு அலுவலகத்தில் மாமாவுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது, சீக்கிரம் நிரந்தரம் ஆகிவிடும் என்றார்கள். தாத்தா இறங்கி வந்தார். 1981ல் கல்யாணம். 1984ல் ஓர் ஆட்டத்தில், நாலு பேர் மேலே விழுந்ததில் முழங்கால் ஜவ்வு அறுந்தது. ஆட்டம் போச்சு. ஆட்டம் போனதும் வேலையும் போச்சு. அதன் பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். இதுதான் எனக்குச் சொல்லப்பட்ட கதை.

காலையில் மாமா கேட்டார், “ராத்திரியெல்லாம் வெளிச்சம் தெரிஞ்சுதே, என்ன மாப்ளே படிச்சே?”

அத்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். டி.வி. பார்க்கக் கூடாது. சீரியல் இல்லாமல் ரொம்பத் தவித்துப் போயிருந்தார். “கதைன்னா சொல்லு சாமி” என்றார். சொன்னேன். ஐஸ் கட்டி மேல் ஆடுவது, ஹாக்கி, டைரி, ஜோடிக்காரன் போடுகிற சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் சொன்னேன். திண்ணையில் இருந்த பெண்ணுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அத்தை இடையில் நிறுத்தினார். “இரு. அந்தப் புள்ள என்னதான் சாப்பிட்டுச்சு?”

“இலை தழைதான் அத்தை.”

“அப்புறம் எப்படி ஆடும்?” என்றார். பிறகு, சம்பந்தமே இல்லாத மாதிரி, “உங்க மாமாவும் அப்படித்தான் கெடந்தாரு” என்றார்.

மாமா எழுந்து அடுப்படிக்குப் போனார்.

அத்தை சொன்னதைக் கேட்டு நான் கதை சொல்வதையே மறந்துவிட்டேன். கபடியில் எடைப் பிரிவு உண்டு. குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் போனால் சேர்க்க மாட்டார்கள். மாமா அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊசலாடுகிற உடம்பு. போட்டிக்கு நாலு நாள் முன்னாலிருந்து ஒரு பன், ஒரு டீ. உச்சி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அணை ரோட்டில் ஓடுவார், வியர்வையில் எடை குறையட்டும் என்று. உமிழ்நீரைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே வருவாராம். புதுப்பெண்ணாக வந்த அத்தை, ஆக்கி வைத்ததை மாட்டுக்குக் கொட்டிவிட்டு அழுதிருக்கிறார்.

2024 ஆகஸ்ட்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத், 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டி வரை போய்விட்டு, அன்று காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் வெளியேற்றப்பட்டதை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மறுநாளே ஓய்வை அறிவித்தார். நாமெல்லாம் அது அநியாயமா, சதியா என்று பேசிக்கொண்டிருந்தோம். மாமா அன்று சாப்பிடவில்லையாம். “நூறு கிராமுன்னா ஒரு டம்ளர் தண்ணிகூட இல்லையேடி” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆனால், அத்தை சொல்ல வந்தது அது இல்லை. 1984க்குப் பிறகு நடந்தது.

கால் தேறிவிட்டது. ஆள் தேறவில்லை. கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தெருவில் பையன்கள் கபடி ஆடுகிற சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ராத்திரியில் தூக்கத்தில் ‘கபடி கபடி கபடி’ என்று பாட ஆரம்பித்து, மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கபடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதிராளியின் எல்லைக்குள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், தொட்டுவிட்டு, அதே மூச்சோடு திரும்பி வர வேண்டும். மூச்சு விட்டால் அவுட். அந்த மூச்சை நம்பியே பிழைத்த மனிதனுக்கு, படுக்கையில் மூச்சு வராமல் போனது.

ஒருநாள் விடியற்காலையில் வெந்நீர் அடுப்பில் என்னமோ கருகும் வாசம் வந்து எழுந்து போனாராம் அத்தை. அத்தனை சர்டிஃபிகேட்டும் எரிந்துகொண்டிருந்தது. மாமா குத்துக்கால் போட முடியாத காலோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பித்தளைக் கோப்பை ஒன்று மட்டும் எரியாது என்பதால் மிஞ்சியது.

காத்துக்கருப்பு என்றார்கள். செய்வினை என்றார்கள். பழநிக்கு நடந்தே போய் மொட்டை போட்டார்கள். ‘ஆம்பளைக்கு இதென்ன வேஷம், வேலை வெட்டி இல்லாத திமிரு’ என்று சொன்ன உறவுக்காரர்களில் என் தாத்தாவும் ஒருவர். மகளைக் கூட்டிப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அத்தை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

“நான் என்ன பண்ணேன் தெரியுமா? மீனாட்சியம்மன் கோயிலுக்கு வேண்டுதல்னு வீட்ல பொய் சொல்லிட்டு, மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரியாஸ்பத்திரி. மனசுக்குப் பாக்குற டாக்டரு. வரிசையில உக்காந்திருக்கும்போது, தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துருவாங்களோன்னு முந்தானையால முகத்தை மூடிக்கிட்டேன். அவரு முகத்தையும் சேத்து.”

டாக்டர் அரை மணி நேரம் பேசினாராம். அத்தைக்கு அதில் ஒரு வாக்கியம்தான் ஞாபகம் இருக்கிறது. “கால்ல அடிபட்டா கட்டுப் போடறீங்க இல்லம்மா, அதே மாதிரிதான் இது.” மாத்திரை கொடுத்தார். மாதம் ஒருமுறை வரச்சொன்னார். மாதம் ஒரு வேண்டுதல் என்று மீனாட்சி பேரில் ஒரு வருடம் பொய் சொல்லியிருக்கிறார் அத்தை.

மாத்திரையை மாமியார் கண்ணில் படாமல் எங்கே வைப்பது? அந்த வீட்டில் பீரோ கிடையாது, பூட்டு கிடையாது. அத்தை அந்தப் பித்தளைக் கோப்பையை எடுத்தார். அடியில் மாத்திரைப் பொட்டலம், மேலே நாலு கரண்டி. அடுப்படி மேடையில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் வைத்துவிட்டார்.

எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோப்பையை எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து பார்க்கிறேன். இரண்டு பக்கமும் காது வைத்த கோப்பை. ‘முதல் பரிசு 1982’ என்று பொறித்திருக்கும். அதில் எப்போதும் கரண்டிகள் குத்தி வைத்திருக்கும். ஜெயித்த கோப்பையில் போய் யாராவது கரண்டி வைப்பார்களா, அத்தைக்கு மாமாவின் அருமை தெரியவில்லை என்று நான் எத்தனையோ முறை மனசுக்குள் குறைப்பட்டிருக்கிறேன்.

“ஆஸ்பத்திரி மட்டுந்தான் சரிபண்ணுச்சா?” என்று கேட்டேன்.

“மாத்திரைதான் தூங்க வெச்சுது. எழுந்து நடக்க வெச்சது நானு” என்றார் அத்தை, கொஞ்சம் கர்வத்தோடு. விடிகாலையில் அணை வரைக்கும் இரண்டு பேரும் நடப்பார்களாம். ஒரே ஒரு சட்டம்: கபடி பற்றிப் பேசக் கூடாது. மாடு, மழை, மாங்காய் விலை என்று எது வேண்டுமானாலும் பேசலாம். மூன்று வருடம் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. நாலாவது வருடம் ஒருநாள், ரோட்டோரம் ஆடிக்கொண்டிருந்த பையனிடம் மாமாவே போய், “காலை அப்படி வெக்காதடா, பின்னால வை” என்றாராம். அத்தை அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

இந்த இடத்தில் அடுப்படியிலிருந்து மாமா குரல் வந்தது. “புதுக்கோட்டைப் புள்ளயப் பத்திச் சொல்லு.”

சாந்தியைத்தான் சொன்னார். சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் வேலை பார்த்த குடும்பம். 2005ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் மறுபடியும் வெள்ளி. 2 நிமிடம் 3.16 விநாடி. மூன்றாவது வந்த கஜகஸ்தான் பெண்ணுக்கும் அவருக்கும் இடையே 0.03 விநாடிதான் வித்தியாசம். கடைசி மீட்டரில் பறித்தெடுத்த வெள்ளி அது. சில நாட்களில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லி, பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு மனுஷியின் உடம்பைப் பற்றிய அந்தரங்கமான விஷயம், உலகத்தின் எல்லா டி.வி.யிலும் ஓடியது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, எதையும் ஊசியில் ஏற்றிக்கொள்ளவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். தமிழக அரசு அறிவித்திருந்த 15 லட்ச ரூபாய் பரிசை அன்றைய முதல்வர் கருணாநிதி கொடுத்தார். அதை மெச்சத்தான் வேண்டும். ஆனால், பணம் கொடுத்தவர்கள் உண்டு, அனுதாபப்பட்டவர்கள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து ‘ராத்திரி தூங்குறியா?’ என்று கேட்க எத்தனை பேர் இருந்தார்கள்? 2007 செப்டம்பரில் அவர் தற்கொலைக்கு முயன்று, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, காப்பாற்றப்பட்டார்.

அந்தச் செய்தி வந்த அன்று மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். “எங்க போறீங்க?” “புதுக்கோட்டைக்கு. அந்தப் புள்ளயப் பாத்துட்டு வர்றேன்.” யாரென்று சொல்லிப் பார்ப்பது, என்னவென்று சொல்வது, ஒன்றும் தெரியாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் வரை போய், அங்கே ஒரு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார்.

சாந்தி மீண்டு வந்தார். குழந்தைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். நடுவில் மறுபடி செங்கல் சூளைக் கூலியாகவும் நிற்க வேண்டியிருந்தது. பிறகு முறையாகப் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழக அரசின் தடகளப் பயிற்சியாளரானார். 2009ல் பெர்லின் உலகப் போட்டியில் இதே 800 மீட்டரில் தங்கம் வென்ற காஸ்டர் செமன்யாவுக்கு இதே கேள்வி வந்தபோது, தென்னாப்பிரிக்காவே அவர் பின்னால் நின்றது. பதக்கம் அவரிடமே இருந்தது. ஒடிஷாவின் டூட்டி சந்த் 2014ல் தடை செய்யப்பட்டு, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2015ல் திரும்ப ஓட வந்தார். கூட ஆள் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதெல்லாம் கண்முன்னால் இருக்கிறது. சாந்தியின் வெள்ளி மட்டும் திரும்பவில்லை.

தோற்றவர்களுக்கு மட்டும்தான் இந்த நோவு என்றும் சொல்வதற்கில்லை. 2008ல் பெய்ஜிங்கில் தங்கம் சுட்ட அபினவ் பிந்த்ரா, அந்தத் தங்கத்துக்குப் பிறகு வந்த வெறுமைதான் தன் வாழ்க்கையின் மோசமான காலம் என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நவோமி ஒசாகா 2021ல் பிரெஞ்சு ஓப்பனிலிருந்து நடுவில் விலகி, 2018ல் யு.எஸ். ஓப்பன் ஜெயித்த நாளிலிருந்து மனச்சோர்வோடு போராடுவதாகச் சொன்னார். ஜெயித்தது முதல் நோவு! அதே வருடம் டோக்கியோவில் சிமோன் பைல்ஸ், போட்டியின் நடுவில் ‘என்னால் இன்று முடியாது’ என்று ஒதுங்கி நின்றார். இவர்கள் பேசிய பிறகுதான் அந்தக் காதல் நாவல்களிலும் ஹீரோவுக்கு டாக்டர் வந்தார் என்று நினைக்கிறேன். நிஜம் முன்னால் ஓட, கதை பின்னால் வருகிறது.

இதையெல்லாம் நான் அத்தையிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, திண்ணையிலிருந்து அந்தப் பெண் எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மாமா அடுப்படியிலிருந்து கோப்பையைக் கரண்டிகளோடு எடுத்து வந்தார். கரண்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துவிட்டு, காலிக் கோப்பையைப் பேத்தி கையில் கொடுத்தார்.

“உள்ள பாரு. அடியில கறை இருக்கும். மாத்திரை ஒண்ணு நமுத்துப்போய் ஒட்டிக்கிச்சு. எத்தனை தேய்ச்சும் போகல.”

அவள் உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நான் எதுவும் கேக்கல சாமி. எப்பச் சொல்லணுமோ அப்பச் சொல்லு” என்றார் மாமா.

அவள் நின்றபடியே சொன்னாள். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. ஸ்டார்டிங் லைனில் போய் நின்றால் கை மரத்துப்போகிறது. எடை கூடினால் கால் கனக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சாப்பிடுவதைக் குறைத்து, இப்போது சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. கடைசி மீட்டில் 600 மீட்டரில் ட்ராக்கை விட்டு இறங்கி நடந்து வந்துவிட்டாள். டீமிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். கோட்டா சீட் என்ன ஆகும் என்று தெரியாது. ஹாஸ்டலில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள். அம்மா அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘இதுக்கெல்லாம் கவலைப்படலாமா, நீ தைரியசாலி ஆச்சே’ என்கிற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். அத்தை கறுப்புக் கண்ணாடியோடு கையை நீட்டித் துழாவி, அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இளைச்சுட்டே. கண்ணுதான் தெரியல எனக்கு, கை தெரியும்.”

நான் இரண்டு நாள் சேர்த்து இருந்துவிட்டு வந்தேன். கிளம்புகிற அன்று விடிகாலை, மாமாவும் பேத்தியும் அணை ரோட்டில் நடக்கப் போயிருந்தார்கள். எதிரே வந்த டவுன் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மாமாவின் காலுக்கு ஈடாக, 800 மீட்டர்க்காரி அவ்வளவு மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டி என்னமோ பேசினார் மாமா. மாங்காய் விலையாக இருக்கும்.

அதற்கு முந்தைய ராத்திரி அத்தை என்னைக் கூப்பிட்டார். கோவையில் நல்ல மனநல டாக்டர் யார் என்று விசாரித்து நம்பர் வாங்கித் தரச் சொன்னார். அடுத்த வாரம் தானும் மாமாவும் கூடப் போவதாக ஏற்பாடு.

“ஊர்ல கேட்டா, மருதமலைக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம்” என்றார் மெதுவாக.

உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்டுவிட்டது. “எதுக்கு அப்பத்தா பொய்யி? டாக்டர்கிட்டப் போறோம்னே சொல்லு.”

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“சரி, டாக்டருன்னே சொல்றேன்” என்றார். “ஆனா, அவ்வளவு தூரம் போறோம், மருதமலையும் பாத்துட்டே வந்துருவோம்.”